பள்ளிக்கரணையில் வைத்துப் பூமியைச் சொல்லிக்கொடுக்க: புதிதாகத் தொடங்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஒன்பதாம் வகுப்பு சமூக அறிவியல் புத்தகத்தில் நிலக்கோளம், வளிமண்டலம், நீர்க்கோளம், உயிர்க்கோளம், மனிதனும் சுற்றுச்சூழலும் என்று வரிசையாகப் பாடங்கள் வருகின்றன. எல்லாவற்றையும் நடத்தி, வினா விடை எழுதவைத்து, தேர்வும் வைத்து முடித்த பிறகு, ‘வேளச்சேரியில் ஏன் அடிக்கடி தண்ணீர் நிற்கிறது?’ என்று கேட்டுப் பாருங்கள். முதல் மதிப்பெண் வாங்கும் பிள்ளைகூட ‘மழை ஜாஸ்தி மிஸ்’ என்பதோடு நிறுத்திக்கொள்ளும். மழை வளிமண்டலப் பாடத்தில் இருக்கிறது. களிமண் நிலக்கோளத்தில் இருக்கிறது. ஏரி நீர்க்கோளத்தில் இருக்கிறது. மூன்றும் ஒரே தெருவில் சேர்வதைப் புத்தகம் காட்டுவதில்லை, நாம்தான் காட்டவேண்டும்.

தென்சென்னையில் அதைக் காட்டப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் அங்கே பிள்ளைகளைக் கூட்டிப்போவதற்குள் கடிதம், கையெழுத்து, வேன், மழை, தேர்வு அட்டவணை என்று ஆளை உலுக்கிவிடும். எதை எப்போது செய்யவேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். நீங்கள் வேறு ஊராக இருந்தால் பள்ளிக்கரணை என்று வரும் இடத்திலெல்லாம் உங்கள் ஊர் ஏரியையோ கண்மாயையோ வைத்துக்கொள்ளுங்கள். வனத்துறை அனுமதி தவிர மற்றதெல்லாம் அப்படியே பொருந்தும்.

1. ஒரே ஒரு நீர்நிலையைப் பிடித்துக்கொள்ளுங்கள்

பசுமை இல்ல வாயு, பவளப்பாறை, அமேசான் காடு என்று உலகம் முழுக்கச் சுற்றினால் பிள்ளைகள் தலையாட்டுவார்கள், அவ்வளவுதான். ஒரு வருடம் முழுக்க ஒரே நீர்நிலை போதும். தேர்ந்தெடுக்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள்: பள்ளியிலிருந்து அரை மணி நேரத்துக்குள் போய்ச் சேரவேண்டும், தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று கண்ணால் பின்தொடர முடியவேண்டும்.

பள்ளிக்கரணையில் இந்த இரண்டாவது விஷயம் அற்புதமாக அமைகிறது. மேற்கே பல்லாவரம், திரிசூலம் பக்கம் கருங்கல் குன்றுகள். அந்தக் கல்லுக்குச் சார்னோக்கைட் என்று பெயர். அந்தப் பாறை வகையை முதலில் விவரித்ததே இந்தப் பகுதியின் கல்லை வைத்துத்தான். கெட்டிப் பாறை என்பதால் மழைநீர் பெரும்பாலும் உள்ளே இறங்காமல் வழிந்து கீழே வருகிறது. கீழ்க்கட்டளை ஏரி நிரம்பி நாராயணபுரம் ஏரிக்கும், அங்கிருந்து சதுப்புக்கும் உபரி நீர் வருகிறது. சதுப்பின் அடியில் களிமண். அதனால் தண்ணீர் தேங்கி நிற்கிறது. அப்புறம் ஒக்கியம் மடுவு என்ற நீர்வழி மூலமாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், கோவளம் முகத்துவாரத்தில் கடலில் சேர்கிறது. கால்வாயைத் தாண்டினால் கடற்கரை மணல். மழைநீரை உறிஞ்சிச் சேமிப்பது அந்த மணல்தான். பாறை, களிமண், மணல் மூன்றும் இவ்வளவு குறுகிய தூரத்தில் வரிசையாக அமைவது ஆசிரியருக்குப் பெரிய வரம்.

2. காகிதங்கள்: ஜூன் மாதமே தொடங்குங்கள்

நான்கு கடிதங்கள் வேண்டும்.

முதலாவது, தலைமை ஆசிரியருக்கு விண்ணப்பம். எந்த வகுப்பு, எத்தனை மாணவர்கள், உடன் வரும் ஆசிரியர்கள் யார், எந்தப் பாடத்தோடு தொடர்பு என்பதை எழுதுங்கள். பாட எண், பக்க எண் போட்டால் கையெழுத்து சீக்கிரம் விழும். மாணவிகள் இருந்தால் உடன் வருபவர்களில் ஓர் ஆசிரியை கட்டாயம்.

இரண்டாவது, கல்வி அலுவலகத்துக்கு. தலைமை ஆசிரியரின் முகப்புக் கடிதத்தோடு போகவேண்டும். நேரில் கொடுத்து, உங்கள் நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். முத்திரை இல்லாத நகலை வைத்துக்கொண்டு ‘கொடுத்தேனே’ என்று சொல்லிப் பயனில்லை.

மூன்றாவது, வனத்துறைக்கு. சதுப்பின் ஒரு பகுதி 2007-ல் காப்புக் காடாக அறிவிக்கப்பட்டது. 2022-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த சதுப்பு நிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தபோது 1,247 ஹெக்டேர் அதில் வந்தது. அனுமதி இல்லாமல் உள்ளே இறங்குவது குற்றம். பொதுமக்களுக்காகத் திறந்திருக்கும் சூழலியல் பூங்காவின் நடைபாதைக்கு மட்டும் போவதாக இருந்தாலும், ஒரு வகுப்பையே அழைத்துப்போகிறோம் என்பதால் வனச்சரகர் அலுவலகத்துக்கு முன்கூட்டியே ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள். சில நேரம் வனக்காவலர் ஒருவரையே உடன் அனுப்புவார்கள். பறவை அடையாளம் சொல்ல அவரைவிட நல்ல ஆசிரியர் கிடைக்கமாட்டார்.

இந்தக் கடிதத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. ‘ஆராய்ச்சி’, ‘மாதிரி சேகரிப்பு’ என்ற சொற்களை எழுதாதீர்கள். எழுதினால் கடிதம் மேலதிகாரியின் மேசைக்குப் போகும், பல வாரம் அங்கேயே கிடக்கும். ‘கல்விக் களப்பயணம், நடைபாதையிலிருந்து பார்வையிடல் மட்டும்’ என்று எழுதுங்கள். எழுதியபடியே நடந்துகொள்ளுங்கள். தண்ணீரும் சேறும் எடுக்க வெளியில் இருக்கும் ஏரிக்கரையே போதும்.

நான்காவது, பெற்றோர் ஒப்புதல். தமிழில், ஒரே பக்கத்தில் இருக்கட்டும். இடம், தேதி, கிளம்பும் நேரம், திரும்பும் நேரம், உடன் வரும் ஆசிரியரின் கைபேசி எண், பிள்ளைக்கு வலிப்பு, ஆஸ்துமா, ஒவ்வாமை உண்டா, புகைப்படம் எடுக்கச் சம்மதமா. கடைசிக் கேள்விக்கு ‘இல்லை’ என்று எழுதிய பெற்றோர் உண்டு. அவர்கள் பிள்ளை படத்தில் வராமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

நான்கு கடிதத்திலும் மாற்றுத் தேதி ஒன்று போட்டுவிடுங்கள். மழைக்கு விடுமுறை விட்டால் முதலிலிருந்து அலையவேண்டாம்.

3. காலக்கணக்கு

சென்னையில் வருட மழை சராசரியாக 1,400 மி.மீ. அளவில் இருக்கும். அதில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டிவிடும். ஆகவே மழைக்கு முன் ஒரு முறை, மழைக்குப் பின் ஒரு முறை என்று குறைந்தது இரண்டு பயணம் வேண்டும். ஒரே பயணம் போனால் மாறுதலைக் காட்ட முடியாது. மாறுதல்தான் பாடமே.

முதல் பயணம் ஆகஸ்ட் கடைசி அல்லது செப்டம்பர் முதல் வாரம், காலாண்டுத் தேர்வுக்கு முன். இரண்டாவது ஜனவரியில், பொங்கல் விடுமுறை முடிந்ததும். அப்போது வலசைப் பறவைகளும் இருக்கும். பூநாரை, ஊசிவால் வாத்து, கூழைக்கடா எல்லாவற்றையும் ஒரே காலையில் பார்க்க வாய்ப்பு உண்டு. நவம்பரில் போகலாம் என்று ஆசைப்படாதீர்கள். புயல் எப்போது வரும் என்று சொல்ல முடியாது.

பத்தாம் வகுப்பை விட்டுவிடுங்கள். பொதுத்தேர்வு பயத்தில் பெற்றோரும் அனுப்பமாட்டார்கள், பிள்ளைகளுக்கும் மனம் ஒட்டாது. ஒன்பதாம் வகுப்புதான் சரி, எட்டாம் வகுப்பும் பரவாயில்லை.

காலை ஏழு மணிக்குச் சதுப்பில் இருந்தால் பறவையும் கிடைக்கும், வெயிலும் தெரியாது.

4. பொருள்களும் செலவும்

பெரிய செலவு வேன்தான். தொகையை முன்கூட்டியே பேசி, காத்திருப்புக் கட்டணம் உண்டா என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மாநகரப் பேருந்தில் போக முடிந்தால் இரண்டு குழுவாகப் பிரித்து இரண்டு நாளில் கூட்டிப்போகலாம். ஒரு வகுப்பு முழுவதையும் ஒரே பேருந்தில் ஏற்ற நினைக்காதீர்கள்.

கருவிகள் அவ்வளவு விலை இல்லை. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் காட்டும் கையடக்க டி.டி.எஸ். மீட்டர் சுமார் 300 முதல் 500 ரூபாய். தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் பி.எச். தாள் 200 ரூபாய்க்குள். சாதாரண வெப்பமானி ஒன்று, அளவு போட்ட ஜாடி ஒன்று, ரப்பர் கையுறை, கயிறு கட்டிய சிறு வாளி. மழைமானியை வாங்கவே வேண்டாம். நேரான சுவருள்ள கண்ணாடி ஜாடியும் ஒரு அளவுகோலும் போதும். வேன் தவிர மொத்தம் 2,000 ரூபாய்க்குள் முடித்துவிடலாம். பள்ளியில் சுற்றுச்சூழல் மன்றம் இயங்கினால் அந்த நிதியிலிருந்து கேளுங்கள், பில் வைத்துக்கொள்ளுங்கள்.

டி.டி.எஸ். மீட்டர் வாங்கும்போது எந்த அளவு வரை காட்டும் என்று பாருங்கள். மலிவான கருவிகள் லிட்டருக்கு 9,990 மில்லிகிராம் வரைதான் காட்டும். கடல்நீர் 35,000 அளவில் இருக்கும். முகத்துவாரத்துத் தண்ணீரில் அதை வைத்தால் கருவி பழுது என்று பிள்ளைகள் நினைத்துவிடுவார்கள். குடிநீருக்கான இந்தியத் தர அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம், வேறு வழியில்லாத இடத்தில் 2,000 வரை ஏற்கலாம் என்பதைக் கருவியின் பின்னால் ஒட்டிவையுங்கள். படித்த எண்ணுக்கு உடனே ஓர் அர்த்தம் கிடைக்கும்.

5. முதல் வகுப்பு: அம்பு விளையாட்டு

இதைப் பயணத்துக்கு முன்பே நடத்தவேண்டும். பெரிய சார்ட்டில் நான்கு வட்டம் போடுங்கள்: நிலம், நீர், காற்று, உயிர். சிறு அட்டைகளில் நிகழ்ச்சிகளை எழுதிக் குழுவுக்கு ஒன்றாகக் கொடுங்கள். ‘ஏரியில் ஆகாயத்தாமரை படர்ந்தது’, ‘கல்குவாரியில் தண்ணீர் தேங்கியது’, ‘ஆழ்துளைக் கிணற்றில் உப்புத் தண்ணீர் வந்தது’, ‘குப்பைக் கிடங்கில் தீப்பிடித்தது’. எந்த வட்டத்திலிருந்து எந்த வட்டத்துக்குப் போகிறது என்று அம்பு வரையவேண்டும்.

ஒரே ஒரு விதி. அம்பின் மேல் என்ன நகர்கிறது என்று எழுதவேண்டும். தண்ணீர், உப்பு, மண், வெப்பம், கார்பன், பாஸ்பேட், ஏதாவது ஒரு பொருள் அல்லது ஆற்றல். ‘பாதிக்கிறது’, ‘மாசுபடுத்துகிறது’ என்று எழுதினால் அம்பு செல்லாது.

இந்த விதியைத் தளர்த்தவே கூடாது. நான் இதில் சொல்லும் எல்லாவற்றிலும் எதையாவது ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். ‘மனிதன் இயற்கையை அழிக்கிறான்’ என்று எந்தப் பிள்ளையும் எழுதிவிடும், அதில் படிப்பு ஒன்றும் இல்லை. ‘வீட்டுச் சாக்கடையிலிருந்து பாஸ்பேட்டும் நைட்ரஜனும் ஏரிக்குப் போகின்றன, அதைத் தின்று ஆகாயத்தாமரை படர்கிறது, அது வெயிலை மறைக்கிறது, அழுகும்போது தண்ணீரில் கரைந்த ஆக்சிஜன் தீர்கிறது, விடியற்காலையில் மீன் மேலே வந்து வாயைத் திறக்கிறது’ என்று எழுதும் பிள்ளைக்குப் பூமி எப்படி இயங்குகிறது என்று தெரிந்துவிட்டது.

இங்கேயே ஒரு பொதுவான குழப்பத்தையும் தீர்த்துவிடுங்கள். ஓசோன் ஓட்டையால் பூமி சூடாகிறது என்று பாதி வகுப்பு நம்பிக்கொண்டிருக்கும். அம்பு வரையச் சொல்லுங்கள். ஓசோன் குறைந்தால் உள்ளே வருவது புற ஊதாக் கதிர். பூமி சூடாவதற்கு முக்கியக் காரணம் வெளியே போகவேண்டிய வெப்பத்தைக் கார்பன் டை ஆக்சைடும் மீத்தேனும் பிடித்து வைப்பது. ஒன்று உள்ளே வரும் அம்பு, இன்னொன்று வெளியே போகும் அம்பு. சார்ட்டில் போட்டுப் பார்த்தால் குழப்பம் தானாகப் போய்விடும்.

6. சேற்றுப் புட்டி

வகுப்பறையில் வைக்கவேண்டியது இது. செலவு கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. பலன் மட்டும் வருடம் முழுக்க.

ஏரிக்கரையில் கரிய சேறு ஒரு வாளி எடுங்கள், கையுறையோடு. கல், குச்சி, நத்தையைப் பொறுக்கி எடுத்துவிடுங்கள். பழைய நாளிதழ் ஒரு தாளைப் பொடியாகக் கிழித்து, வேகவைத்த முட்டையின் மஞ்சள் கரு ஒன்றைப் பிசைந்து, சேற்றில் பாதியோடு கலக்குங்கள். தாள் கார்பனுக்கு, மஞ்சள் கரு கந்தகத்துக்கு. ஒளி ஊடுருவும் இரண்டு லிட்டர் புட்டியில் கலந்த சேற்றைக் கீழேயும், கலக்காத சேற்றை மேலேயும் போட்டு, மேலே நான்கு விரல்கடை ஏரித் தண்ணீர் ஊற்றுங்கள். வாயைக் காற்றுப் புகும்படி லேசாக மூடி, வெயில் நேராகக் கொளுத்தாத வெளிச்சமான ஜன்னலில் வையுங்கள். தேதி எழுதி ஒட்டுங்கள். இன்னொரு புட்டியை அதேபோல் செய்து கறுப்புத் துணி சுற்றிப் பக்கத்தில் வையுங்கள்.

முதல் இரண்டு வாரம் ஒன்றும் நடக்காதது போல இருக்கும். பிள்ளைகள் சலித்துப்போவார்கள், விட்டுவிடாதீர்கள். அப்புறம் வெளிச்சப் புட்டியின் மேல்பகுதியில் பச்சை பிடிக்கும். அடியில் கறுப்பு பரவும். அது இரும்பும் கந்தகமும் சேர்ந்த கறுப்பு. இடையில் குமிழிகள் சிக்கி நிற்பது புட்டிச் சுவர் வழியாகத் தெரியும். ஒன்றிரண்டு மாதம் போனால், அதிர்ஷ்டம் இருந்தால், கறுப்புக்குச் சற்று மேலே ஊதாச் சிவப்பில் திட்டுகள் வரும். வெளிச்சத்தையும் கந்தகத்தையும் வைத்துப் பிழைக்கும் பாக்டீரியா அவை. துணி சுற்றிய புட்டியில் பச்சையும் ஊதாச் சிவப்பும் வராது.

ஏன் இதை இவ்வளவு சொல்கிறேன் என்றால், சேற்றில் ஆக்சிஜன் தீர்ந்துபோவதால்தான் சதுப்பில் செத்த கோரையும் சம்பும் முழுதாக மக்காமல் மண்ணிலேயே கார்பனாகத் தங்குகின்றன. அதே காரணத்தால் கொஞ்சம் மீத்தேனும் வெளியே வருகிறது. சதுப்பை வடித்துக் காயப்போட்டால் காற்றுப் பட்டுப் பழைய கார்பன் எல்லாம் கார்பன் டை ஆக்சைடாக மேலே போகத் தொடங்கும். நிலம், நீர், காற்று, உயிர் நான்குக்கும் இடையிலான அம்புகள் அத்தனையும் அந்த ஒரு புட்டிக்குள் இருக்கின்றன.

எச்சரிக்கை ஒன்று: புட்டியை வகுப்பறைக்குள் திறக்காதீர்கள். அழுகிய முட்டை நாற்றம் வரும், அந்த வாயு உடம்புக்கும் ஆகாது. வருட முடிவில் நீங்களே வெளியில் எடுத்துப்போய்ப் புதைத்துவிடுங்கள்.

7. களத்தில்

பாதுகாப்பு முதலில். தண்ணீரில் யாரும் கால் வைக்கக் கூடாது. கண்ணாடித் துண்டு, பாம்பு, எலிக்காய்ச்சல் மூன்றும் நிஜமான அபாயங்கள். காலில் புண் இருக்கும் பிள்ளை கரையிலிருந்து பதிவேடு எழுதட்டும். வாளியை ஆசிரியர் மட்டுமே இறக்கவேண்டும். ரேடியல் சாலை ஓரத்திலிருந்து பறவைகள் நன்றாகத் தெரியும்தான், ஆனால் வண்டிகள் பறக்கும் சாலையில் வகுப்பை நிறுத்தாதீர்கள். பெருங்குடி குப்பைக் கிடங்கைத் தூரத்திலிருந்து காட்டினால் போதும்.

ஏரியில் வரத்துக் கால்வாய் சேரும் இடம், உபரி நீர் வழியும் கலிங்கு என இரண்டு இடத்தில் டி.டி.எஸ்., பி.எச்., வெப்பம் மூன்றையும் பாருங்கள். மழைக்கு முன் எடுத்த எண்ணையும் ஜனவரியில் எடுத்த எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். பெரும்பாலும் மழைக்குப் பின் டி.டி.எஸ். இறங்கியிருக்கும். தண்ணீர் கலங்கலாக இருந்தாலும் உப்புக் குறைந்திருப்பது பிள்ளைகளை யோசிக்கவைக்கும். கலங்கலும் உப்பும் வேறு வேறு என்று அப்போதுதான் பிடிபடும்.

வெயில் ஏறியதும் இன்னொன்று: சிமென்ட் தரை, மர நிழல், கரையோரம் மூன்று இடத்தில் வெப்பமானியைத் தரையிலிருந்து ஒரே உயரத்தில் பிடித்து அளக்கச் சொல்லுங்கள். நீர் ஆவியாகும்போது வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போகிறது என்பதற்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

பறவை எண்ணுவதை ஒரு குழுவுக்கு மட்டும் கொடுங்கள். எல்லோருக்கும் கொடுத்தால் அன்றைக்கு வேறு வேலை நடக்காது.

8. மழைக் கணக்கு

ஒரு சதுர மீட்டரில் ஒரு மி.மீ. மழை என்றால் ஒரு லிட்டர். இந்த ஒரு வரியைக் கரும்பலகையில் எழுதிவிட்டு மற்றதைப் பிள்ளைகளிடம் விடுங்கள்.

பள்ளிக் கூரை 100 சதுர மீட்டர் என்று வைத்தால் வருடத்துக்கு 1,40,000 லிட்டர் விழுகிறது. ஐந்தில் ஒரு பங்கு வீணாகப் போனாலும் 1,12,000 லிட்டர் மிஞ்சும். நாள் ஒன்றுக்கு ஆளுக்கு 135 லிட்டர் என்ற நகர்ப்புற அளவுப்படி நான்கு பேர் குடும்பத்துக்கு அது சுமார் ஏழு மாதம் வரும். கணக்கு முடிந்ததும், 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததைச் சொல்லுங்கள். வகுப்பில் யாராவது ஒருவர் ‘அப்போ இந்தத் தண்ணியெல்லாம் எங்க போச்சு மிஸ்?’ என்று கேட்டே தீருவார்கள்.

அடுத்து எதிர்ப்பக்கம். 2015 டிசம்பர் 1-ம் தேதி தொடங்கிய 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. பெய்தது. அதே கூரையில் 49,000 லிட்டர், 12,000 லிட்டர் டேங்கர் லாரி நான்கு. ஒரு கூரைக்கே இவ்வளவு என்றால் தெருவுக்கு, பேட்டைக்கு எவ்வளவு என்று பெருக்கிப் பார்க்கட்டும்.

தண்ணீர் எங்கே போகிறது என்பதற்கு மூன்று புட்டிச் சோதனை. அடி வெட்டித் தலைகீழாக வைத்த புட்டிகள். வாயில் துணி கட்டி ஒன்றில் மணல், ஒன்றில் களிமண், ஒன்றில் மட்டும் களிமண் மேல் விளிம்பு வரை சிமென்ட் பூச்சு. அரை லிட்டர் தண்ணீர் ஊற்றி நேரம் பாருங்கள். மணலில் உடனே இறங்கும், களிமண்ணில் நின்று நிதானமாக இறங்கும், சிமென்ட்டில் வழிந்து மேசையை நனைக்கும். சதுப்பையும் அதைச் சுற்றி எழுந்த கட்டடங்களையும் இதைவிட எளிமையாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

மழைமானி வீட்டுப்பாடம். விடுமுறை விட்ட நாளிலும் பிள்ளைகள் காலை எட்டரை மணிக்கு மொட்டை மாடியில் அளந்து எழுதிவைக்கட்டும். வானிலைத் துறையும் எட்டரை மணிக் கணக்குதான் வைத்திருக்கிறது, ஒப்பிட வசதி. இடி மின்னல் இருந்தால் மாடிக்குப் போகக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

9. மனிதர் பங்கு: கவனமாக நடத்தவேண்டிய வகுப்பு

கூகுள் எர்த்தைக் கணினியில் திறந்து பழைய படங்களை வருடவாரியாக ஓட்டிக் காட்டுங்கள். 2000-க்குப் பிறகு சாலை, வளாகம், குடியிருப்பு எப்படிச் சதுப்பை நெருங்கின என்று கண்ணெதிரே தெரியும். ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்ததாகச் சொல்லப்படும் நிலம் இது. அப்புறம் வருவாய்த்துறை இணையதளத்தில் அ-பதிவேட்டைப் பாருங்கள். சர்வே எண் போட்டால் அந்த நிலம் என்ன வகை என்று வரும். ஏரி, புறம்போக்கு, கழுவெளி (சதுப்பு) என்ற சொற்களைப் பிள்ளைகள் அரசு ஆவணத்திலேயே படிப்பது நல்லது.

இங்கேதான் எல்லோரும் அறியாமல் விழும் குழி. ‘ஆக்கிரமிப்பு’ என்று நீங்கள் சொல்லும்போது, அந்த வகுப்பில் ஏரிப் புறம்போக்கில் வீடு இருக்கும் பிள்ளை உட்கார்ந்திருக்கும். எந்த நேரமும் வீட்டை இடிப்பார்கள் என்ற பயத்தோடு தூங்குகிற பிள்ளையாகவும் இருக்கலாம். அதன் வீட்டைக் குற்றவாளியாக்கிப் பாடம் நடத்தக் கூடாது. ஆகவே வீடுகளிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். சதுப்பைக் குறுக்கே வெட்டிய சாலையும், நகரத்துக் குப்பையைக் கொட்டிய கிடங்கும், அரசுக் கட்டடங்களும், பெரிய ஐ.டி. வளாகங்களும் படத்தில் எவ்வளவு இடம் எடுத்திருக்கின்றன என்று சதுரக் கட்டத்தாளில் அளக்கச் சொல்லுங்கள். கட்டம் கட்டமாக எண்ணும்போது யார் எவ்வளவு என்பது தானே வெளிவரும். வாடகை கொடுக்க முடியாமல் கரையில் குடிசை போட்டவரையும், வரைபடம் பார்த்து அனுமதி கொடுத்தவரையும் ஒரே தட்டில் வைக்க முடியாது என்று பிள்ளைகளே சொல்வார்கள்.

பெரியவர்களிடம் பேட்டி எடுக்கச் சொல்லும்போதும் ‘யார் தவறு?’ என்ற கேள்வி வேண்டாம். ‘நீங்கள் வந்தபோது தண்ணீர் எது வரை நின்றது, கிணறு எத்தனை அடி, தண்ணீர் இனிப்பா உப்பா’ போதும். மீன்பிடித்தவர், மாடு மேய்த்தவர், டேங்கர் ஓட்டுபவர் மூன்று பேரைக் கேட்டாலே நல்ல பதிவு கிடைத்துவிடும்.

இதே வகுப்பில் ‘மரம் நட்டால் சரியாகிவிடும்’ என்ற பதில் கட்டாயம் வரும். சதுப்புக்குள் மரம் நட்டால் திறந்த நீர்ப்பரப்பு சுருங்கும், நீந்தும் பறவைக்கும் கரையோரம் மேயும் பறவைக்கும் இடம் போகும். எங்கே எந்த மரம் என்ற கேள்வியை எழுப்புங்கள். அதுபோல, வெள்ளம் எல்லாவற்றுக்கும் காலநிலை மாற்றம் மட்டுமே காரணம் என்று விட்டுவிடாதீர்கள். கடல் சூடாவதால் காற்று அதிக ஈரத்தைச் சுமப்பது ஓர் அம்பு. மடுவு சுருங்கியது இன்னோர் அம்பு. இரண்டுக்கும் பொறுப்பானவர்கள் வேறு, தீர்வும் வேறு.

10. மதிப்பெண்

எழுத்துத் தேர்வு வைக்காதீர்கள். புதிய நிகழ்ச்சி அட்டை ஒன்றைக் கொடுத்து, குறைந்தது ஐந்து அம்பு வரையச் சொல்லுங்கள். ஒவ்வொன்றிலும் நகரும் பொருள் சரியாக இருந்தால் மதிப்பெண். கையெழுத்து மோசமான பிள்ளை இதில் முன்னுக்கு வருவதைப் பார்ப்பீர்கள்.

11. மனு

கற்றதை வைத்து ஒரு வேலை செய்தால்தான் பதின்வயதுப் பிள்ளைக்கு மனம் நிறையும். இல்லாவிட்டால் ‘எல்லாம் போச்சு’ என்ற எண்ணம் மட்டுமே மிஞ்சும். அப்படி அவர்களை வீட்டுக்கு அனுப்புவது எனக்குச் சம்மதமில்லை.

சிறியதாக, நடக்கக்கூடியதாகக் கேளுங்கள். ‘சதுப்பைக் காப்பாற்றுங்கள்’ என்று மனு எழுதினால் யாரும் எதுவும் செய்யமாட்டார்கள். ‘இந்தத் தெரு முனையில் மழைநீர் வடிகாலில் சாக்கடை இணைப்பு சேர்கிறது, அந்த இடத்தில் நாங்கள் அளந்த டி.டி.எஸ். இவ்வளவு, கலிங்கில் இவ்வளவு’ என்று தேதியும் எண்ணும் படமும் வைத்து எழுதுங்கள். மாநகராட்சிப் பகுதி என்றால் வார்டு உறுப்பினரிடமும் மண்டல அலுவலகத்திலும் கொடுத்து ரசீது வாங்குங்கள். ஊராட்சி என்றால் கிராம சபை. பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம், கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் தரவேண்டும். அரசுப் பள்ளி ஆசிரியர் தன் பெயரில் போடுவதைவிட ஒரு பெற்றோர் பெயரில் போடுவது நிம்மதி.

கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கூடும். இரண்டாவது பயணம் பொங்கலுக்குப் பிறகுதான் முடிவதால் 26-ம் தேதிக்கு அவசரப்படவேண்டாம். உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22 பொருத்தமானது. அதை விட்டால் அடுத்தது மே 1, அப்போது பள்ளி விடுமுறை, பிள்ளைகள் ஊருக்குப் போயிருப்பார்கள். மனுவைப் பிப்ரவரிக்குள் எழுதி முடித்துவிடுங்கள்.